ஐரோப்பாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: 112-ஐ அழைப்பது எப்படி, கைபேசி அலறினால் என்ன செய்வது

ஐரோப்பாவில் வந்து இறங்கியதும் முடிக்க வேண்டிய வேலைகள் என்று எல்லோர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். நகராட்சியில் முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, உள்ளூர் சிம், பொன்னி அரிசி கிடைக்கும் கடை. நள்ளிரவில் அறைத்தோழர் மயங்கி விழுந்தால் எந்த எண்ணை அழுத்துவது, எடுத்தவரிடம் எந்த மொழியில் என்ன சொல்வது, கைபேசி திடீரென்று அலறினால் அது எதற்காக என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பதே இல்லை. அரை மணி நேர வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் அதிகம். இன்று மாலையே உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நீங்கள் எந்த நாட்டுக்காரர், கையில் எந்த நாட்டு சிம் இருக்கிறது என்பதை வைத்து இங்கே எதுவும் நடப்பதில்லை, இந்த நிமிடம் எங்கே நிற்கிறீர்களோ அதை வைத்துத்தான் எல்லாம் நடக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்துக்குரிய அவசர அழைப்பு மையம்தான் உங்கள் அழைப்பை எடுக்கும், நிற்கும் இடத்தின் கைபேசிக் கோபுரம்தான் உங்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். அதனால் "நான் எங்கே இருக்கிறேன்" என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்கு உதவி சீக்கிரம் வரும்.

முதலில் எண்கள்

ஐரோப்பா முழுவதற்கும் 112 என்று ஒரே அவசர எண் வேண்டும் என்ற முடிவு 1991-இல் எடுக்கப்பட்டது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும், அதற்கு வெளியே நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் போன்ற நாடுகளிலும் அது வேலை செய்கிறது. கட்டணம் இல்லை. நாட்டுக் குறியீடு, முன்னால் பூஜ்யம் எதுவும் வேண்டாம், மூன்றே இலக்கம். குடியுரிமை பெற்றவருக்கு மட்டும் என்றெல்லாம் கிடையாது, சுற்றுலா வந்தவரும் அழைக்கலாம், அகதி முகாமில் இருப்பவரும் அழைக்கலாம்.

ஆனால் 112-ஐ அழுத்தினால் யார் எடுப்பார் என்பது நாட்டுக்கு நாடு மாறும், புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். டென்மார்க், ஸ்வீடன், ஃபின்லாந்து, நெதர்லாந்து, ஸ்பெயினில் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் எல்லாவற்றுக்கும் 112 போதும். ஜெர்மனியில் 112 என்றால் தீயணைப்பும் ஆம்புலன்ஸும், போலீஸுக்கு 110. பெல்ஜியத்திலும் அப்படித்தான், அங்கே போலீஸ் எண் 101. நார்வேயில் 112 போலீஸிடம் போகும். ஆம்புலன்ஸுக்கு 113, தீக்கு 110. சுவிட்சர்லாந்தில் ஆம்புலன்ஸ் 144, போலீஸ் 117, தீ 118. பிரான்ஸில் மருத்துவ அவசரத்துக்கு 15, போலீஸ் 17, தீயணைப்பு 18. ஆஸ்திரியாவில் 144, 133, 122. பிரிட்டனில் 999-ம் 112-ம் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன.

இதை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் நாட்டின் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள், வெளியூர் போகும்போது 112 போதும். தவறான துறைக்குப் போனாலும் சரியான இடத்துக்கு மாற்றிவிடுவார்கள், என்ன, கொஞ்சம் நேரம் போகும். ஊர்ப் பழக்கத்தில் 108-ஐயோ, இலங்கையிலிருந்து வந்தவர்கள் 1990 அல்லது 119-ஐயோ அழுத்தும் ஆபத்து நிஜமாகவே உண்டு, பதற்றத்தில் கை பழைய எண்ணுக்குத்தான் போகும். உங்களைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும், பள்ளி போகும் பிள்ளைகளுக்கும் இதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். மூன்று மாத விசாவில் வந்து பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

அப்புறம் கைபேசி

கைபேசி பூட்டியிருந்தாலும் 112-ஐ அழைக்கலாம், பூட்டுத் திரையிலேயே அவசர அழைப்புக்கு ஒரு பொத்தான் இருக்கும். சிம்மில் பணம் தீர்ந்திருந்தாலும் அழைப்பு போகும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில் வேறு நிறுவனத்தின் கோபுரம் இருந்தால் அதன் வழியாகவும் போகும், திரையில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று வருவதன் பொருள் அதுதான். சிம்மே இல்லாத கைபேசி வேறு கதை. சில நாடுகளில் வேலை செய்யும், ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம், பிரிட்டன் ஆகியவற்றில் செய்யாது. வேடிக்கை அழைப்புகள் எல்லை மீறியதால் ஜெர்மனி 2009-இலேயே அதை நிறுத்திவிட்டது. எனவே இந்திய சிம்மைக் கழற்றிவிட்டு, உள்ளூர் சிம் வரும்வரை வைஃபையில் ஓட்டிக்கொண்டிருக்கும் மாணவர்களே, அந்தச் சில நாட்களுக்குப் பழைய சிம்மையாவது உள்ளே போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் 112-ஐ அழைக்க முடியாது.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. ஐரோப்பாவின் பல நாடுகள் 3ஜி-யை மூடிவிட்டன, சில 2ஜி-யையும் மூடிவிட்டன. இரண்டும் மூடப்பட்ட இடங்களில் குரல் அழைப்பு 4ஜி வழியாகத்தான் போயாக வேண்டும், அதற்குப் பெயர் வோல்ட்டி. ஊரில் வாங்கி வந்த கைபேசியில், குறிப்பாகப் பழைய மாடல்களில், இங்குள்ள நிறுவனத்தோடு வோல்ட்டி ஒத்துப்போகாமல் இருக்கலாம். சோதித்துப் பார்ப்பது எளிது. நண்பர் ஒருவருக்குச் சாதாரண அழைப்பு போட்டு, பேசும்போது திரையின் மேல் மூலையில் 4ஜி என்ற குறி அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். 2ஜி-க்கு இறங்கினாலோ, அழைப்பே போகாவிட்டாலோ, நிறுவனத்தின் கடையில் கேட்டுச் சரிசெய்யுங்கள். சோதனைக்காக 112-ஐ மட்டும் அழைக்காதீர்கள், அந்த நேரத்தில் வேறு ஒருவர் வரிசையில் காத்திருப்பார்.

கடைசியாக, கைபேசியில் இருக்கும் மருத்துவக் குறிப்புப் பகுதியை நிரப்புங்கள். சர்க்கரை நோய், ஒவ்வாமை, சாப்பிடும் மருந்துகள், அவசரத்தில் யாரை அழைப்பது எல்லாம் அதில் இருக்கட்டும். பூட்டிய திரையிலிருந்தே மருத்துவப் பணியாளர்கள் அதைப் படிப்பார்கள். மருந்தை ஊரில் சொல்லும் வணிகப் பெயரில் எழுதினால் இங்கே யாருக்கும் புரியாது, மருந்தின் பொதுப்பெயரை எழுதுங்கள்.

எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்

112-ஐ எடுத்தவருக்கு உங்கள் இருப்பிடம் தானாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். முன்பு அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் எந்தக் கோபுரத்தின் வட்டத்துக்குள் இருக்கிறீர்கள் என்பது மட்டும்தான். நகரத்தில் அது சில தெருக்கள், கிராமப்புறத்தில் பல கிலோமீட்டர். 2014-இல் பிரிட்டனில் பிடி, இஇ என்ற தொலைபேசி நிறுவனங்களும் கைபேசி தயாரித்த எச்டிசி-யும் சேர்ந்து ஏ.எம்.எல். என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. அவசர எண்ணை அழுத்தியதும் கைபேசி தானாகவே ஜிபிஎஸ்ஸையும் வைஃபையையும் இயக்கி இருப்பிடத்தைக் கணித்து, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் மையத்துக்கு அனுப்பிவிடும். 2016-இல் ஆண்ட்ராய்டிலும் 2018-இல் ஐஃபோனிலும் இது வந்தது. 2022 மார்ச் 17-லிருந்து ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்ஃபோன்கள் அவசர அழைப்பின்போது செயற்கைக்கோள், வைஃபை அடிப்படையிலான இருப்பிடத்தைத் தந்தாக வேண்டும் என்பது விதி. நீங்கள் எந்தச் செயலியையும் இறக்க வேண்டாம்.

இதில் நம்மைப் போன்றவர்களைப் பாதிக்கும் ஓட்டை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு சிம்மோடு ரோமிங்கில் இருக்கும்போது அந்த இருப்பிடக் குறுஞ்செய்தி உங்கள் சொந்த நாட்டு நிறுவனத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது, அதனால் வராமலே போவதும் உண்டு. ஊரே புதிது, மொழி தெரியாது, முகவரி தெரியாது, இருப்பிடம் தானாகப் போக வேண்டிய அவசியம் வேறு யாரையும்விட இந்த ஆளுக்குத்தான் அதிகம், அவருக்கே அது கைவிடுகிறது. பிரஸ்ஸல்ஸில் இருந்து இயங்கும் ஈனா என்ற ஐரோப்பிய அவசர எண் சங்கம் 1999-லிருந்து இப்படிப்பட்ட குறைகளைத்தான் பேசிவருகிறது. அதெல்லாம் முழுதாகச் சரியாகும்வரை நம் வாய்தான் நமக்கு ஏ.எம்.எல்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் இருக்காது, தெருவிலிருக்கும் அழைப்பு மணியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரை வைத்துத்தான் ஆம்புலன்ஸ்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பார். உள்வாடகைக்கு இருக்கும் மாணவர்களின் பெயர் அங்கே இருப்பதில்லை. மணியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள், முடியாவிட்டால் அங்கே இருக்கும் பெயர் என்ன என்று தெரிந்து வையுங்கள், அழைக்கும்போது "மூன்றாம் மாடி, மணியில் இன்ன பெயர்" என்று சொல்லுங்கள். பிரான்ஸில் கட்டட வாசலுக்கு ரகசிய எண் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் வந்தவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவரைக் கீழே அனுப்பிக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். தெருப் பெயரை உங்களால் சரியாக உச்சரிக்க முடியவில்லையா? அஞ்சல் குறியீட்டு எண்ணையும் வீட்டு எண்ணையும் சொல்லிவிட்டு, தெருவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். முகவரியைத் தாளில் எழுதி, எண்களை ஒட்டிய அதே இடத்தில் ஒட்டுங்கள். சொந்த வீட்டு முகவரி பதற்றத்தில் மறந்துபோகும்.

சாலையில் என்றால் நெடுஞ்சாலை எண், எந்த ஊரை நோக்கிப் போகிறீர்கள், ஓரத்துப் பலகையில் உள்ள கிலோமீட்டர் எண், மூன்றும் வேண்டும். திசை தவறினால் வண்டி எதிர்ப்பக்கத்தில் வந்து அடுத்த வெளியேறும் வழிவரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும். ஜெர்மன் நெடுஞ்சாலையின் ஓரக்கம்பங்களில் சின்ன அம்புக்குறி இருக்கும், மிக அருகிலுள்ள அவசரத் தொலைபேசி எந்தப் பக்கம் என்பதைத்தான் அது காட்டுகிறது. பிரான்ஸின் நெடுஞ்சாலைகளில் ஆரஞ்சு நிறத் தொலைபேசிகள் 2 கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் நிற்கின்றன. இவற்றிலிருந்து பேசினால் நீங்கள் இருக்கும் இடம் மையத்துக்குத் தானாகவே தெரியும். 2018 மார்ச் 31-க்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற கார் மாடல்களில் எஸ்ஓஎஸ் பொத்தான் உண்டு. பெரிய மோதல் நடந்தால் கார் தானாகவே 112-ஐ அழைத்து இருப்பிடத்தையும் அனுப்பும், நீங்களும் அழுத்தலாம். பழைய வண்டிகளில் இது 2ஜி, 3ஜி-யை நம்பி இருப்பதால், அந்த அலைவரிசைகள் மூடப்பட்ட நாடுகளில் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஜெர்மன் காடுகளில் நடக்கப் போகிறவர்கள் மீட்பு இடக் குறி போட்ட பலகைகளைக் கவனியுங்கள், அந்த எண்ணைச் சொன்னாலே போதும்.

அழைப்பில் என்ன நடக்கும்

முதல் வாக்கியத்தில் இடம், இரண்டாவதில் என்ன நடந்தது. ஏன் இடம் முதலில் என்றால், அழைப்பு பாதியில் அறுந்துவிட்டாலும் வண்டியை அனுப்ப அது ஒன்று போதும். பிறகு எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா, ரத்தம் போகிறதா என்று அவர்களே கேட்பார்கள். நம் ஆட்கள் பொறுமை இழப்பது இங்கேதான், "இத்தனை கேள்வி கேட்பதற்குள் வண்டியை அனுப்பலாமே" என்று கோபப்படுவார்கள். நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பியிருக்கும், கேள்விகளால் அது தாமதமாவதில்லை. மூச்சு நின்றிருந்தால் மார்பில் எங்கே கை வைத்து எப்படி அழுத்துவது என்று தொலைபேசியிலேயே எண்ணிச் சொல்லித் தருவார்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை நீங்கள் வைக்காதீர்கள்.

மொழியைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். பல மையங்களில் ஆங்கிலம் நடக்கும், சில மையங்கள் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரையும் இணைக்கும். எடுத்ததும் "இங்கிலிஷ்" என்றோ "தமிழ்" என்றோ மொழியின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள், தெரியாத மொழியில் தடுமாறிக்கொண்டு ஒரு நிமிடத்தை வீணாக்க வேண்டாம். இருந்தாலும் நாலு உள்ளூர்ச் சொற்கள் கையில் இருப்பது நல்லது. ஜெர்மனில் விபத்து 'உன்ஃபால்', தீ 'ஃபொயர்', நினைவில்லை என்பதற்கு 'பெவுஸ்ட்லோஸ்'. பிரெஞ்சில் அதே வரிசையில் 'ஆக்சிதான்', 'ஃபெ', 'ஆன்கோன்சியான்'. அம்மாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுப்பதென்றால், முகவரியைத்தான் சொல்லிக் கொடுங்கள்.

செலவுக்குப் பயந்து அழைக்காமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அழைப்புக்குச் செலவே இல்லை. வண்டி வந்தால், ஜெர்மனியில் பொதுக் காப்பீடு உள்ளவர் கையிலிருந்து கட்டுவது அதிகபட்சம் 10 யூரோ. சுவிட்சர்லாந்தில்தான் கொஞ்சம் கடிக்கும், அடிப்படைக் காப்பீடு மருத்துவப் பயணச் செலவில் பாதியைத்தான், அதுவும் வருடத்துக்கு 500 ஃபிராங்க் வரைக்கும்தான் ஏற்கும். உயிருக்கு ஆபத்தான மீட்பு என்றால் பாதி, 5,000 ஃபிராங்க் வரை. மாதம் சில ஃபிராங்க் கட்டினால் கிடைக்கும் துணைக் காப்பீட்டை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். நெஞ்சுவலி வந்தவர் பில்லைக் கணக்குப் போட்டுக்கொண்டு டிராமில் மருத்துவமனைக்குப் போகக்கூடாது.

தவறுதலாக 112-க்கு அழைப்பு போய்விட்டால் பதறி வைத்துவிடாதீர்கள். பக்கவாட்டுப் பொத்தானைச் சிலமுறை அழுத்தினாலே அழைப்பு போகும் வசதி இப்போது பெரும்பாலான கைபேசிகளில் இருப்பதால், பையில் கிடக்கும்போதே இது அடிக்கடி நடக்கிறது. "தவறுதலாக அழுத்திவிட்டேன், ஆபத்து ஒன்றுமில்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் அவர்கள் உங்களைத் திரும்ப அழைத்துத் தேட வேண்டியிருக்காது.

112 வேண்டாத நேரங்கள்

காய்ச்சல், காதுவலி, ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துபோன மருந்து, இதற்கெல்லாம் வேறு எண்கள் உண்டு. ஜெர்மனியில் 116117, நார்வேயிலும் அதே 116117, ஸ்வீடனில் 1177, பிரிட்டனில் 111. வீட்டுக்குள் அடி, மிரட்டல் என்றால் பெண்களுக்கான உதவி எண்ணாக 116016-ஐ ஒன்றியம் ஒதுக்கியிருக்கிறது, ஜெர்மனியில் 2023-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அடி விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் போலீஸ்தான். காணாமல் போன குழந்தைகளுக்கு 116000.

பேச முடியாதவர்கள், காது கேளாதவர்கள் வீட்டில் இருந்தால் இதைத் தனியாகக் கவனியுங்கள். பிரான்ஸில் 114-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஜெர்மனியில் நோரா என்ற செயலி 2021-லிருந்து இருக்கிறது. பிரிட்டனில் வாய்திறந்து பேசினால் ஆபத்து என்ற நிலையில் கைபேசியிலிருந்து 999-ஐ அழைத்து, கேட்கும்போது 55 அழுத்தினால் போலீஸிடம் இணைப்பார்கள். ஃபின்லாந்தின் 112 செயலி, பெல்ஜியத்தின் 112 செயலி எல்லாம் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் இவற்றில் பெரும்பாலானவை எல்லையைத் தாண்டியதும் நின்றுவிடுகின்றன. ஆஸ்திரியாவின் திரோல், இத்தாலியின் தென் திரோல், ஜெர்மனியின் பவேரியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே செயலியாக எஸ்ஓஎஸ் ஈயூ ஆல்ப் இருக்கிறது. மூன்று நாடுகளில் சிதறியிருக்கும் மலைகளுக்கு ஒரு செயலி முடியும் என்றால், மற்ற இடங்களிலும் முடியும். ஆல்ப்ஸ் பக்கம் நடக்கப் போகிறவர்கள் இதை இறக்கிக்கொள்ளுங்கள்.

எல்லைக் கோட்டில், எல்லைக்கு அப்பால்

பாசல், ஸ்திராஸ்பூர், ஜெனீவா மாதிரி எல்லை நகரங்களில் இருப்பவர்களின் கைபேசி பக்கத்து நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது சர்வ சாதாரணம். ரைன் ஆற்றின் இந்தக் கரையில் நின்று அழைத்தாலும் அந்தக் கரையின் மையம் எடுக்கலாம். எனவே ஊரைச் சொல்வதற்கு முன்னால் நாட்டைச் சொல்லுங்கள்.

இன்னும் கடினமான நிலை இது. நீங்கள் பெர்லினில் இருக்கிறீர்கள், பாரிஸில் இருக்கும் அக்கா உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுகிறார். நீங்கள் 112 அழுத்தினால் எடுப்பது பெர்லின்தான். அப்படியே அழைத்து, "நோயாளி பிரான்ஸில், பாரிஸில், இந்த முகவரியில்" என்று சொல்லுங்கள். ஒரு நாட்டின் மையம் இன்னொரு நாட்டின் மையத்தைப் பிடிக்க ஏதுவாக, அவற்றின் முழு நீளத் தொலைபேசி எண்களைத் தொகுத்து வைக்கும் பொறுப்பை ஒன்றியத்தின் தொலைத்தொடர்புச் சட்டம் பெரெக் என்ற ஒழுங்குமுறை அமைப்பிடம் கொடுத்திருக்கிறது. கூடவே அக்காவின் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இன்னொரு கைபேசியிலிருந்து அழையுங்கள். நெருங்கிய சொந்தம் வேறு நாட்டில் தனியாக இருந்தால், அவருடைய முழு முகவரி, கட்டட ரகசிய எண், அக்கம்பக்கத்தார் எண் மூன்றையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இதுகூட இல்லை. வீடியோ அழைப்பில் அப்பா விழுவதைப் பார்க்கிறீர்கள், வெளிநாட்டிலிருந்து 108-ஐ அழைக்க வழியில்லை, இங்குள்ள 112-ஆலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. உங்களுக்குக் கை கொடுப்பது அந்தத் தெருவில் இருப்பவர்கள்தான். பக்கத்து வீடு, எதிர்வீடு, மருந்துக்கடை, தெரிந்த ஆட்டோக்காரர், அருகிலுள்ள மருத்துவமனையின் முழு எண், இவற்றை நாட்டுக் குறியீட்டோடு சேமியுங்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள், நள்ளிரவில் தெரியாத வெளிநாட்டு எண் என்று எடுக்காமல் விட்டுவிடக்கூடாது.

கைபேசி அலறினால்

2021 ஜூலையில் ஜெர்மனியில் வெள்ளம் வந்து 180 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் ஆர் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில். கைபேசிக்கு நேரடியாக எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு அப்போது ஜெர்மனியில் இல்லை, பக்கத்து நாடான நெதர்லாந்திலோ 2012-லிருந்தே இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். 2022 ஜூன் 21-க்குள் எல்லா உறுப்பு நாடுகளும் கைபேசி வழி எச்சரிக்கை வைத்திருக்க வேண்டும் என்று ஒன்றியத்தின் சட்டம் ஏற்கெனவே கெடு வைத்திருந்தது. ஜெர்மனி 2022 டிசம்பரில் நாடு முழுவதும் சோதித்து, 2023 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிரான்ஸில் எஃப்ஆர்-அலர்ட், ஸ்பெயினில் இஎஸ்-அலர்ட், நெதர்லாந்தில் என்எல்-அலர்ட், ஆஸ்திரியாவில் ஏடி-அலர்ட் என்று நாட்டுக்கொரு பெயர்.

இவற்றில் பெரும்பாலானவை செல் பிராட்காஸ்ட் முறையில் வருகின்றன. கோபுரம் தன் வட்டத்தில் இருக்கும் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகிறது, உங்கள் எண் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. நேற்று வந்திறங்கிய இந்திய சிம்முக்கும் அதனால்தான் வரும். சைலன்ட்டில் வைத்திருந்தாலும் உயர்நிலை எச்சரிக்கை பெருஞ்சத்தத்தோடு வரும். 2023-இல் இந்தியாவிலும் இதே முறையைச் சோதித்தார்கள், அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அடையாளம் தெரியும். விமானப் பயண முறையில் இருந்தாலோ, அணைத்திருந்தாலோ வராது.

செய்ய வேண்டியது இரண்டுதான். கைபேசி மென்பொருளைப் புதுப்பியுங்கள், பழைய பதிப்புகள் ஐரோப்பிய எச்சரிக்கையை அடையாளம் காணாமல் போகலாம். அப்புறம் அமைப்புகளில் அவசர எச்சரிக்கைகள் எல்லாம் இயக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐஃபோனில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியின் அடியிலும், ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு மற்றும் அவசரம் என்ற பகுதியிலும் இருக்கும். கூடவே ஒரு செயலியும் வேண்டும், ஜெர்மனியில் நீனா, சுவிட்சர்லாந்தில் அலர்ட்சுவிஸ். செய்தி உள்ளூர் மொழியில் மட்டும் வரும் வாய்ப்பு அதிகம், என்எல்-அலர்ட் போலச் சிலவற்றில்தான் ஆங்கிலமும் சேர்ந்து வருகிறது. இது மாற வேண்டும் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன், படிக்க முடியாத எச்சரிக்கையால் யாருக்கும் பயன் இல்லை. இப்போதைக்கு, செய்தி வந்த திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போடுங்கள்.

எச்சரிக்கையை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். 2024 அக்டோபர் 29-இல் ஸ்பெயினின் வாலென்சியாவில் வானிலை நிறுவனம் காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விட்டிருந்தது, கைபேசிகள் அலறியது இரவு 8.11-க்கு. அதற்குள் பல ஊர்களில் தண்ணீர் புகுந்துவிட்டது, 220 பேருக்கு மேல் இறந்தார்கள். கனமழைச் செய்தி வந்தால் நிலத்தடிக் கார் நிறுத்தத்துக்குப் போகாதீர்கள், அடித்தளத்தில் குடியிருப்பவர்கள் மேலே போய்விடுங்கள். காரை எடுக்கப் போய்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சைரன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. போரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள், முன்னறிவிப்பு இல்லாமல் அந்தச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கிவிடும். சோதனை நாட்களை முன்பே தெரிந்து வைத்து வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். நெதர்லாந்தில் மாதத்தின் முதல் திங்கள் நண்பகல், பிரான்ஸில் முதல் புதன் நண்பகல், ஆஸ்திரியாவில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நண்பகல். சுவிட்சர்லாந்தில் பிப்ரவரி முதல் புதன் பிற்பகல் 1.30, ஸ்வீடனில் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் முதல் திங்கள் பிற்பகல் 3 மணி, ஜெர்மனியில் செப்டம்பர் இரண்டாம் வியாழன் காலை 11. வேறு நேரத்தில் கேட்டால் உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் ஜன்னல்களையும் காற்றுத் துளைகளையும் மூடிவிட்டு வானொலியையோ செயலியையோ பாருங்கள். சுவிட்சர்லாந்தில் அணைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. தாழ்ந்த தொனியில் விட்டு விட்டுப் பன்னிரண்டு முறை ஒலித்தால் அது அணைநீர் எச்சரிக்கை, உடனே மேட்டுக்கு ஓட வேண்டும்.

என்ன நடக்கிறது என்று விசாரிப்பதற்காக 112-ஐ அழைக்காதீர்கள், அந்த நேரத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் அந்த இணைப்பு வேண்டும். ஸ்வீடனில் தகவலுக்கென்றே 113 13 இருக்கிறது, மற்ற நாடுகளில் எச்சரிக்கைச் செய்தியிலேயே பெரும்பாலும் ஓர் இணைப்பு இருக்கும். செய்தியைப் பார்த்ததும் பக்கத்து அறையில் இருப்பவருக்கும், தமிழ் மட்டும் தெரிந்த மேல்மாடிப் பாட்டிக்கும் போய்ச் சொல்லிவிட்டு, அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.